இறக்கலாமா, உட்கார வைக்கலாமா? எஃப்பிஎல் அணியின் மதில்மேல் பூனைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஃபேன்டஸி பிரீமியர் லீக் (எஃப்பிஎல்) என்பது இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்து ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டி, வாராவாரம் 11 பேரை இறக்கி, அவர்களுடைய நிஜ ஆட்டத்துக்குப் புள்ளி வாங்கும் விளையாட்டு. அதில் நீங்கள் வாங்கி வைத்திருக்கும் 15 பேரில் எட்டு, ஒன்பது பேரைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. 2024-25 பருவத்தில் லிவர்பூலின் முகமது சலா 29 கோலும் 18 அசிஸ்ட்டுமாக (கோலுக்கு வழிவகுக்கும் பாஸ்) 344 புள்ளி குவித்தார். அந்த வருடம் "இந்த வாரம் சலாவை இறக்கலாமா?" என்று கேட்டவரை ஆபீஸ் லீக்கில் யாரும் மதித்திருக்க மாட்டார்கள். தலைவலி எல்லாம் கடைசி இரண்டு மூன்று இடங்களில்தான். புதன்கிழமை ஐரோப்பியக் கோப்பையில் முழு ஆட்டமும் ஆடிய விங்கர் (ஓரத்திலிருந்து தாக்குபவர்), பலமான அணியின் மைதானத்துக்குப் போகும் சென்டர் பேக் (தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவர்), மூன்று வாரமாகக் கோல் போடாத ஸ்ட்ரைக்கர். மூவரில் ஒருவருக்குத்தான் இடம்.

பெங்களூரில் இந்தத் தலைவலிக்குப் பஞ்சமே இல்லை. ஒயிட்ஃபீல்ட் பக்கம் ஐடி ஆபீஸ்களில் டீமுக்கு டீம் ஒரு லீக் ஓடும். அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த அந்தத் தெருக்களில் கால்பந்து பேச ஆள் தேட வேண்டாம். எங்கே பேச்சு வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: "ரெண்டு பேர்ல யாரு பெட்டரு?"

கேள்வியே தப்பு என்பது என் கட்சி. யார் திறமைசாலி என்பது ஆளை வாங்கும்போது உதவும், வாராந்தரத் தேர்வுக்கு அவ்வளவாக உதவாது. முதலில் கேட்க வேண்டியது வேறு: இவர் முழுதாக ஆடாவிட்டால், எப்படி ஆடாமல் போவார்? அடியோடு வெளியே இருப்பாரா, இல்லை கடைசி 20 நிமிடம் இறங்கித் தலையைக் காட்டிவிட்டுப் போவாரா? எஃப்பிஎல் விதிகளில் இந்த இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அதை வைத்துத்தான் கீழே சொல்லப்போவது எல்லாம்.

படி 1: டெட்லைனை நம்மூர் நேரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு கேம்வீக்கிலும் (ஒரு சுற்று ஆட்டங்கள்) முதல் ஆட்டம் தொடங்க 90 நிமிடம் இருக்கும்போது கதவு சாத்தப்படும். அதற்குப் பிறகுதான் அந்த முதல் ஆட்டத்தின் அணிப் பட்டியலே அதிகாரபூர்வமாக வெளிவரும். அதாவது யார் ஆடுகிறார் என்று தெரியாமலேதான் எப்போதும் முடிவெடுக்கிறோம்.

சனிக்கிழமை மதியம் இங்கிலாந்து நேரம் 12:30க்கு முதல் ஆட்டம் என்றால், அங்கே கோடைக்கால நேரம் நடக்கும் வரை நமக்கு டெட்லைன் பிற்பகல் 3:30. அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிய பிறகு அது 4:30 ஆகிவிடும். மார்ச் கடைசி ஞாயிறு மறுபடி பழைய நேரம். வெள்ளி இரவு 8 மணி ஆட்டத்தில் தொடங்கும் வாரங்கள்தான் வில்லங்கம். கோடையில் நமக்கு இரவு 11, குளிர்காலத்தில் நள்ளிரவு 12. வெள்ளி இரவு 11 மணிக்குப் பெங்களூர்த் தமிழர்களில் பாதிப் பேர் மடிவாளாவிலோ சில்க் போர்டிலோ ஊருக்குப் போகும் பஸ்ஸை எதிர்பார்த்து நிற்பார்கள், மீதிப் பேர் அத்திப்பள்ளி டோலைத் தாண்டிக்கொண்டிருப்பார்கள். "பஸ் ஏறினதும் பார்த்துக்கலாம்" என்று விட்டால் சிக்னல் போன இடத்தில் டெட்லைனும் போய்விடும். கிளம்புவதற்கு முன்பே ஒரு அணியை வைத்துவிடுங்கள். புதுச் செய்தி வந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

அதே சமயம் திங்கள்கிழமையே உட்கார்ந்து மண்டையை உடைப்பதிலும் பயனில்லை. பெரும்பாலான அணிகளின் பயிற்சியாளர்கள் நிருபர்களைச் சந்திப்பது வியாழன், வெள்ளியில். அதற்கு முன் எடுக்கும் முடிவு பாதித் தகவலில் எடுப்பது.

படி 2: நிச்சயமானவர்களை ஒதுக்கிவிட்டுச் சண்டையைச் சுருக்குங்கள்

விதி இவ்வளவுதான்: ஒரு கோல்கீப்பர், குறைந்தது 3 டிஃபெண்டர், குறைந்தது ஒரு ஸ்ட்ரைக்கர். மற்றபடி எந்த அமைப்பிலும் 11 பேரை இறக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு இறக்கக்கூடியவர்களை முதலில் வைத்துவிட்டு, காலியாக இருக்கும் இடங்களையும் அவற்றுக்குப் போட்டியிடுபவர்களையும் மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலும் இரண்டு இடத்துக்கு நான்கு பேர் என்று வரும். ஆறு ஏழு பேர் வந்தால் பிரச்சினை வாராந்தரத் தேர்வில் இல்லை, அணியைக் கட்டிய விதத்தில் இருக்கிறது.

கோல்கீப்பருக்கு நேரம் செலவழிக்காதீர்கள். நல்லவர் ஒருவர், மலிவானவர் ஒருவர் என்று வைத்துக்கொண்டு நல்லவரையே எல்லா வாரமும் இறக்கலாம். இரண்டு சுமாரான கீப்பர்களை வாங்கி வாராவாரம் மாற்றி மாற்றி இறக்குகிறவர்களுக்கு நிம்மதி போவதுதான் மிச்சம்.

ஒரே கேம்வீக்கில் இரண்டு ஆட்டம் உள்ளவர், இரண்டிலும் ஆடக்கூடியவராக இருந்தால், போட்டியிலேயே சேர்க்க வேண்டாம். நேரே இறக்கிவிடுங்கள்.

படி 3: ஆடுவாரா? மூன்று நிலைகளாகப் பிரியுங்கள்

பலர் "ஆடுவார், ஆட மாட்டார்" என்று இரண்டாகத்தான் பார்க்கிறார்கள். மூன்றாகப் பாருங்கள்: தொடக்கத்திலிருந்து ஆடுவது, மாற்று ஆளாக வந்து தலைகாட்டுவது, அடியோடு ஆடாமலிருப்பது. ஒவ்வொருவருக்கும் இந்த மூன்றுக்கும் சதவீதம் போடுங்கள், கூட்டினால் 100 வர வேண்டும். துல்லியமாக யாராலும் போட முடியாது. 10 சதவீதம் முன்னே பின்னே இருந்தாலும் வேலை நடக்கும்.

சந்தேகத்துக்குரியவர்கள் எல்லோரும் ஒரே ரகம் இல்லை. இங்கேதான் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும்.

உடம்பு சரியில்லை, அடிபட்டிருக்கிறது, "கடைசி நேரத்தில் பார்த்துத்தான் சொல்வோம்" என்ற ரகம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகத்தான் முடியும். தேறினால் தொடக்கத்திலிருந்து ஆடுவார், தேறாவிட்டால் ஊரிலேயே இருப்பார். அவர் பெயருக்குப் பக்கத்தில் எஃப்பிஎல் போடும் மஞ்சள் கொடியில் 75, 50, 25 என்று ஒரு சதவீதம் இருக்கும். அது ஆடும் வாய்ப்பைச் சொல்லுமே தவிர, எத்தனை நிமிடம் என்று சொல்லாது.

நீண்ட காயத்திலிருந்து திரும்புகிறவர் வேறு ரகம். "பயிற்சிக்குத் திரும்பிவிட்டார்" என்று பயிற்சியாளர் சொன்னால் ரசிகர்கள் குதிப்பார்கள். ஆனால் இவர் பெஞ்சில் உட்கார்ந்து கடைசி 15 நிமிடம் இறங்குவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். முழு அணியோடு எத்தனை நாள் பயிற்சி செய்தார் என்று பாருங்கள். தனியாக ஓடிக்கொண்டிருந்தவர் இரண்டு நாளில் 90 நிமிடம் ஆட மாட்டார்.

மூன்றாவது, ஓய்வுக்காக மாற்றப்படும் ரகம். செவ்வாய், புதனில் சாம்பியன்ஸ் லீக், வியாழனில் யூரோப்பா லீக் என்று ஆடும் அணிகளில் இது சகஜம். மான்செஸ்டர் சிட்டியில் பெப் கார்டியோலா பயிற்சியாளராக ஆட்களை மாற்றிய விதத்துக்கு எஃப்பிஎல் ஆடுகிறவர்கள் "பெப் ரூலெட்" என்று பேரே வைத்துவிட்டார்கள். இப்படி ஓய்வு கொடுக்கும்போது எந்த இடத்தில் ஆடுபவர் என்பது ரொம்ப முக்கியம். 2022-23 முதல் பிரீமியர் லீக்கில் ஓர் ஆட்டத்தில் 5 பேரை மாற்றலாம். அந்த ஐந்தில் பெரும்பங்கு விங்கர், ஸ்ட்ரைக்கர், நடுக்கள ஆட்டக்காரர்களுக்கே போகும். கோல் தேவைப்பட்டால் பெஞ்சில் இருக்கும் நட்சத்திர விங்கர் 65ஆவது நிமிடத்தில் சட்டையைக் கழற்றிக்கொண்டு நிற்பார். ஓய்வில் இருக்கும் சென்டர் பேக்கோ, யாருக்கும் அடிபடாத வரை, பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவே மாட்டார்.

சந்தேகம் ஒரே அளவு இருந்தாலும், டிஃபெண்டரை நம்பி இறக்குவதில் இருக்கும் ஆபத்து விங்கரை இறக்குவதில் இருப்பதைவிடக் குறைவு. ஏன் என்பது அடுத்த படியில்.

பயிற்சியாளர்களின் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. "இவர் ஆட மாட்டார்" என்று சொன்னால் நம்புங்கள். "இவர் தயார்" என்று சொன்னால் பாதி நம்புங்கள். தயார் என்பதில் பெஞ்சும் அடக்கம். "பார்க்கலாம்" என்றால் எதுவும் சொல்லவில்லை என்று அர்த்தம். எதிரணிக்கு முன்கூட்டியே தகவல் கொடுக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்தா?

சர்வதேச ஆட்டங்களுக்கான இடைவேளை முடிந்த வாரத்திலும் இந்தக் கணக்கைப் போடுங்கள். பிரேசில், அர்ஜென்டினாவுக்கு ஆடப் போனவர்கள் புதன்கிழமை அதிகாலை ஆட்டத்தை முடித்துவிட்டு வியாழனன்றுதான் விமானத்தை விட்டு இறங்குவார்கள். சனிக்கிழமை மதியமே ஆட்டம் என்றால் தலைகாட்டல் சதவீதத்தை ஏற்றிவிடுங்கள்.

படி 4: தலைகாட்டல் என்னும் பொறி

தொடக்கப் பதினொருவரில் நீங்கள் வைத்தவர் ஒரு நிமிடம்கூட ஆடாவிட்டால், உங்கள் பெஞ்சிலிருந்து வரிசைப்படி ஒருவர் தானாக உள்ளே வருவார். இதுதான் ஆட்டோ சப். ஆனால் அவர் 89ஆவது நிமிடத்தில் இறங்கி ஒரு த்ரோ எறிந்தால்கூட ஆடியதாகக் கணக்கு. உங்களுக்கு 1 புள்ளி, பெஞ்சுக்குக் கதவு மூடல். எஃப்பிஎல்லில் ஆட்டக்காரர் ஆடாமல் போவதைவிட, கொஞ்சமாக ஆடுவதுதான் பெரிய நஷ்டம்.

எண்களில் பார்ப்போம். உங்கள் பெஞ்சில் முதலாவதாக இருப்பவரிடம் சராசரியாக 3 புள்ளி எதிர்பார்க்கலாம், அவர் ஆடுவதும் உறுதி என்று வைத்துக்கொள்வோம். சந்தேகத்துக்குரியவர் தொடங்கினால் 5 புள்ளி தரக்கூடியவர். தொடங்கும் வாய்ப்பு சரிபாதி.

மீதிப் பாதியில் அவர் அடியோடு ஆடாமல் போகும் ரகம் என்றால்: 5இல் பாதி 2.5, பெஞ்சிலிருந்து வரும் 3இல் பாதி 1.5. மொத்தம் 4. அவரை உட்கார வைத்து மற்றவரை நேரடியாக இறக்கியிருந்தால் 3தான். தயங்காமல் இறக்குங்கள்.

மீதிப் பாதியில் அவர் தலைகாட்டும் ரகம் என்றால்: தலைகாட்டலுக்கு, எப்போதாவது வரும் கோலையும் சேர்த்து, 1.5 என்று தாராளமாகவே வைத்தாலும், 2.5உடன் 0.75. மொத்தம் 3.25. ஒரு முழுப் புள்ளியில் இருந்த லாபம் கால் புள்ளியாகச் சுருங்கிவிட்டது. தொடங்கும் வாய்ப்பு 40 சதவீதமாகக் குறைந்தால் அதுவும் போய் நஷ்டத்தில் நிற்கும்.

ஆள் அதே, திறமை அதே, சந்தேகமும் அதே. எப்படி ஆடாமல் போவார் என்பது மட்டும்தான் மாறியது. 50 சதவீத மஞ்சள் கொடியைப் பார்த்ததுமே பதறிப்போய் பெஞ்சுக்கு அனுப்புகிறவர்கள் இந்த இடத்தில்தான் புள்ளியைக் கோட்டைவிடுகிறார்கள். அதே ஆட்கள், கொடியே இல்லாத, ஆனால் ஓய்வு கொடுக்கப்படப்போகிற விங்கரை நிம்மதியாக இறக்குவார்கள்.

இதெல்லாம் பெஞ்சில் உருப்படியான ஆள் இருந்தால்தான் செல்லும். பெஞ்சில் இருக்கும் எல்லோருமே தங்கள் கிளப்பில் ஆடாதவர்கள் என்றால் ஆட்டோ சப்பால் பயனில்லை. அப்போது ஆடாமல் போவதும் தலைகாட்டுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

படி 5: ஆடினால் என்ன கிடைக்கும்?

நிமிடங்களைத் தீர்த்த பிறகுதான் புள்ளிகள். அடிப்படை எண்கள் மனதில் இருக்க வேண்டும். 60 நிமிடத்துக்குள் ஆடினால் 1, 60 அல்லது மேல் என்றால் 2. கோலுக்கு டிஃபெண்டருக்கு 6, மிட்ஃபீல்டருக்கு 5, ஸ்ட்ரைக்கருக்கு 4. அசிஸ்ட் யாருக்கும் 3. கிளீன் ஷீட் (அணி கோலே வாங்காமல் இருப்பது) டிஃபெண்டருக்கும் கீப்பருக்கும் 4, மிட்ஃபீல்டருக்கு 1, ஸ்ட்ரைக்கருக்கு ஒன்றுமில்லை. அதற்கும் 60 நிமிடம் ஆடியிருக்க வேண்டும். அணி வாங்கும் ஒவ்வொரு 2 கோலுக்கும் டிஃபெண்டர், கீப்பர் கணக்கில் 1 கழியும்.

2025-26 பருவத்தில் இன்னொன்று சேர்ந்தது. பந்தை அடித்து விலக்குவது, தடுப்பது, இடைமறிப்பது, டேக்கிள் செய்வது எல்லாம் சேர்த்து 10 தொட்டால் டிஃபெண்டருக்கு 2 புள்ளி. மிட்ஃபீல்டருக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் பந்தை மீட்டெடுப்பதும் கணக்கில் சேரும், ஆனால் 12 தொட வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு 2க்கு மேல் கிடையாது.

இந்த விதி வந்த பிறகு பழைய பாடம் ஒன்று செல்லாக்காசாகிவிட்டது. "பெரிய அணிக்கு எதிராக டிஃபெண்டரை இறக்காதே" என்பார்கள். கிளீன் ஷீட் ஒன்றையே நம்பியிருந்த காலத்தில் அது சரி. இப்போது அணி முழு நேரமும் பின்னால் நின்று தாங்கும் ஆட்டத்தில்தான் சென்டர் பேக்கின் தலைக்கும் காலுக்கும் வேலை அதிகம், 10ஐத் தொடும் வாய்ப்பும் அதிகம். கோல் வாங்கினாலும் 2, 3 புள்ளியோடு கரை சேர்வார். இது ஓரத்தில் ஆடும் ஃபுல் பேக்குக்கு அவ்வளவு பொருந்தாது. அவர் பந்தை விலக்குவதைவிட முன்னே ஓடுவதுதான் அதிகம். எதிரணி பலமாக இருந்தால் அந்த ஓட்டமும் நின்றுவிடும்.

இப்போது முதலில் சொன்ன மூவரையும் தாளில் போட்டுப் பார்க்கலாம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஆட்களுக்கு நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

சென்டர் பேக்: 90 நிமிடம் ஆடுவது உறுதி. ஆடியதற்கு 2. கிளீன் ஷீட் வாய்ப்பு 10 சதவீதம், அதாவது 0.4. தடுப்பாட்டப் புள்ளிக்கு வாய்ப்பு 55 சதவீதம், 1.1. கார்னரில் தலையால் முட்டும் கோலுக்கு 0.3. வாங்கப்போகும் கோல்களுக்கும் மஞ்சள் அட்டைக்கும் 0.95 கழியுங்கள். மிச்சம் 2.85.

ஸ்ட்ரைக்கர்: நடுத்தர அணி, வெளியூர் ஆட்டம், தொடங்குவது உறுதி. ஆடியதற்கு 2. கோல் எதிர்பார்ப்பு 0.35, நான்கால் பெருக்கினால் 1.4. அசிஸ்ட், சிறப்பாக ஆடுபவருக்குக் கிடைக்கும் போனஸ் எல்லாம் சேர்த்து 0.8. மொத்தம் 4.2.

விங்கர்: பெரிய அணி, சொந்த மைதானம், எதிரணி பலவீனம். தொடங்கினால் 5.3 தருவார். தொடங்க 55 சதவீதம், தலைகாட்ட 35, ஆடாமலிருக்க 10. தலைகாட்டலுக்கு அதே 1.5 என்று கொண்டு, அவரை இறக்கி ஸ்ட்ரைக்கரை முதல் மாற்று ஆளாக வைத்தால் 2.92, 0.53, 0.42 என்று மூன்று துண்டுகள். கூட்டினால் 3.87.

ஆக, பளபளப்பான விங்கரைவிட மூன்று வாரமாகக் கோல் போடாத ஸ்ட்ரைக்கர் மேல். ஆனால் வெள்ளிக்கிழமை செய்தி மாறுகிறது என்று வையுங்கள். விங்கரின் இடத்தில் ஆடும் மற்றவருக்கு அடிபட்டுவிட்டது. தொடங்கும் வாய்ப்பு 75, தலைகாட்டல் 20, ஆடாமலிருப்பது 5. இப்போது கூட்டினால் 4.49. ஸ்ட்ரைக்கர் பெஞ்சுக்குப் போகலாம். முடிவை மாற்றியது விங்கரின் ஃபார்ம் அல்ல, இன்னொருவரின் காயம். அதனால்தான் உங்கள் ஆட்டக்காரரைப் பற்றிய செய்தியை மட்டும் படித்தால் போதாது. அவருடைய இடத்துக்குப் போட்டியிடுபவரைப் பற்றியும் படிக்க வேண்டும்.

ஸ்ட்ரைக்கரின் அந்த 0.35 எங்கிருந்து வருகிறது? கடைசி மூன்று வாரத்துக் கோல்களிலிருந்து அல்ல. எக்ஸ்ஜி, அதாவது அவர் அடித்த ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்பின் கூட்டுத்தொகை, அதைக் கடைசி ஏழெட்டு ஆட்டங்களுக்குப் பாருங்கள். ஷாட் வந்துகொண்டே இருந்து கோல் மட்டும் விழவில்லை என்றால் பொறுமையாக இருக்கலாம். ஷாட்டே வரவில்லை என்றால் பெயருக்காக வைத்திருக்காதீர்கள். பெனால்டி அடிப்பவரா என்றும் பாருங்கள். அணிக்குள் அந்தப் பொறுப்பு கை மாறியிருந்தால் எக்ஸ்ஜி எண்ணில் பழைய பெனால்டிகள் ஏமாற்றும்.

எஃப்பிஎல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 1 முதல் 5 வரை கடின எண் ஒன்று கொடுக்கும். முதல் பார்வைக்குச் சரி, அதற்கு மேல் நம்ப வேண்டாம். கோல் போடவும் வாங்கவும் தயங்காத அணிக்கு எதிராக உங்கள் ஸ்ட்ரைக்கருக்குக் கொண்டாட்டம், உங்கள் டிஃபெண்டருக்குத் திண்டாட்டம். ஒரே எண் இரண்டு பேருக்கும் எப்படிப் பொருந்தும்?

படி 6: பெஞ்ச் வரிசை

இதை அசட்டையாக விடுகிறவர்கள்தான் அதிகம். கீப்பருக்குப் பதில் கீப்பர் மட்டும்தான் வருவார். அதில் யோசிக்க எதுவும் இல்லை. மற்ற மூவரையும் 1, 2, 3 என்று அடுக்க வேண்டும்.

மேலே ஸ்ட்ரைக்கரை இறக்கிய பழைய கணக்கில், பெஞ்சில் யார் முதலில்? விங்கரை முதலில் வைத்தால், வேறு யாராவது ஆடாமல் போகும்போது உள்ளே வருவது அவர்: 2.92, 0.53, அவரும் ஆடாவிட்டால் அடுத்த சென்டர் பேக் வழியாக 0.29. மொத்தம் 3.74. சென்டர் பேக்கை முதலில் வைத்தால் 2.85. எனவே விங்கர் முதலில். உறுதியாக ஆடுபவர் என்ற ஒரே காரணத்துக்காக மந்தமான ஆளை முன்னால் வைக்க வேண்டாம்.

அமைப்பு விதி ஒரு பொறி வைத்திருக்கிறது. நீங்கள் 3 டிஃபெண்டர்களோடு ஆடுகிறீர்கள், அதில் ஒருவர் ஆடவில்லை என்றால், பெஞ்சில் முதலிடத்தில் எவ்வளவு நல்ல விங்கர் இருந்தாலும் அவரைத் தாண்டிப் போய் ஒரு டிஃபெண்டரைத்தான் உள்ளே கொண்டுவரும். 3க்குக் கீழே போக முடியாதே. அதனால் மூன்றில் ஒருவர் சந்தேகம் என்றால், நிஜமான மாற்று ஆள் பெஞ்சில் இருக்கும் டிஃபெண்டர்தான். அவர் தன் கிளப்பில் ஆடாதவராக இருந்தால் படி 4இல் சொன்ன துணிச்சல் இங்கே செல்லாது. ஒற்றை ஸ்ட்ரைக்கரோடு ஆடுகிறவர்களுக்கும் இதே கதை. நான்கு டிஃபெண்டர்களை இறக்கியிருந்தால் இந்தக் கவலை இல்லை.

நீங்கள் கேப்டனாக வைப்பவரின் புள்ளி இரட்டிப்பாகும் என்பதால், அவர் விஷயத்தில் தலைகாட்டல் பொறியும் இரட்டிப்பாகும். கேப்டன் அடியோடு ஆடாவிட்டால் துணை கேப்டனுக்கு இரட்டைப் புள்ளி போகும். 10 நிமிடம் ஆடினால் 1 புள்ளி 2 ஆகும், அவ்வளவுதான்.

படி 7: யாரோடு போட்டி என்று பாருங்கள்

உலகத்தில் லட்சக்கணக்கானோர் ஆடும் தரவரிசை ஒன்று. அடுத்த மேஜைக்காரனை ஜெயிப்பது இன்னொன்று. இரண்டாவதற்கு எதிரியின் அணியைத் திறந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். போன டெட்லைன் வரை அவர் யாரை வைத்திருந்தார் என்பது தெரியும்.

நீங்கள் 60 புள்ளி முன்னால் இருக்கிறீர்கள், பருவம் முடிய நான்கு வாரம்தான் என்றால், இரண்டு பேர் சமமாக இருக்கும்போது எதிரியிடமும் இருப்பவரை இறக்குங்கள். அவர் கோல் போட்டால் இருவருக்கும், போடாவிட்டால் இருவருக்கும் இல்லை. பின்தங்கியிருந்தால் தலைகீழ்: அவரிடம் இல்லாதவரை இறக்குங்கள். கவனியுங்கள், "சமமாக இருக்கும்போது" என்றுதான் சொன்னேன். எதிரியிடம் இல்லை என்பதற்காக 3 புள்ளி ஆளை 4.5 புள்ளி ஆளுக்கு மேல் இறக்குவது வித்தியாசமாகத் தோற்பதற்கான வழி. டிசம்பரிலேயே இந்தக் கணக்கெல்லாம் போடுவதும் வீண். தோற்றவர் எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தர வேண்டும் என்பது போன்ற உடன்படிக்கை இருந்தால், ஏப்ரலில் யோசியுங்கள்.

கணக்கில் சேர்க்கக் கூடாதவை

போன வாரம் பெஞ்சில் உட்கார்ந்து 12 புள்ளி எடுத்தவரை இந்த வாரம் பிராயச்சித்தமாக இறக்குவது எல்லா லீக்கிலும் நடக்கும் கூத்து. அந்த 12 வந்தது வேறு எதிரணிக்கு எதிராக. இந்த வாரத்துக் கணக்கை இந்த வாரம் போடுங்கள்.

"என் டிஃபெண்டரும் என் ஸ்ட்ரைக்கரும் ஒரே ஆட்டத்தில் எதிரெதிரே ஆடுகிறார்கள், ஒருவரை உட்கார வைக்கவா?" இதுவும் அடிக்கடி வரும் கேள்வி. வேண்டாம். தனித்தனியாகக் கணக்குப் போட்டு இருவரும் முதல் பதினொருவருக்குள் வந்தால் இருவரையும் இறக்குங்கள். ஒருவர் புள்ளி எடுக்கும்போது இன்னொருவர் இழப்பார் என்பதால் ஆட்டம் பார்க்க எரிச்சலாக இருக்கும். மொத்த எதிர்பார்ப்பு அதனால் குறைவதில்லை.

அப்புறம், நாம் ரசிக்கும் அணி. ஆர்சனல் ரசிகர்களுக்கு, ஒரு கிளப்பிலிருந்து மூன்று பேர்தான் என்ற உச்சவரம்பு இருப்பதே பெரிய பாதுகாப்பு.

அமெரிக்க ஃபேன்டஸி ஃபுட்பால் ஆடுகிறவர்களுக்கு

பெங்களூரில் அமெரிக்க டீமோடு வேலை பார்க்கும் பலர் என்எஃப்எல் லீக்கிலும் இழுத்துவிடப்படுகிறார்கள். அவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. பெரும்பாலான லீக்குகளில் அங்கே ஆட்டோ சப் கிடையாது. இறக்கியவர் ஆடாவிட்டால் பூஜ்யம்தான். ஆகவே "அடியோடு ஆடாமல் போகும்" ரகம்தான் அங்கே ஆபத்து. பதிலுக்கு வேறு வசதி இருக்கிறது. பொதுவாக ஒவ்வொரு ஆட்டக்காரரும் அவரவர் ஆட்டம் தொடங்கும்போதுதான் பூட்டப்படுவார். ஆடாதவர்கள் பட்டியல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு வந்துவிடும். அமெரிக்கக் கிழக்கு நேரம் ஞாயிறு பகல் 1 மணி ஆட்டங்கள் நமக்கு இரவு 10:30, நவம்பரில் அவர்கள் நேரம் மாறிய பிறகு 11:30. பட்டியலைப் பார்த்துவிட்டுத் தூங்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட நிலைகளைச் சேர்ந்தவர்களை வைக்கக்கூடிய ஃப்ளெக்ஸ் இடத்தில் கடைசியாக ஆடுபவரை வைத்தால், அதுவரை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு கையில் இருக்கும். வியாழன் ஆட்டக்காரரை அங்கே வைத்து அந்த வாய்ப்பை வீணாக்காதீர்கள்.

இரண்டு பேரும் அச்சு அசலாகச் சமம் என்றால்

கால் புள்ளிக்குள் வித்தியாசம் என்றால் சமம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாம் போட்ட சதவீதங்களுக்கு அதற்கு மேல் துல்லியம் கிடையாது. அப்போது பெனால்டி அடிப்பவர் யாரோ அவர். இருவரும் இல்லை என்றால் சொந்த மைதானத்தில் ஆடுபவர். அதுவும் சமம் என்றால், வாரத்தின் நடுவில் ஆடாதவர். இதற்கு மேலும் முடிவு வரவில்லை என்றால் காசைச் சுண்டிப் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். டெட்லைனுக்கு ஐந்து நிமிடம் முன்பு ஆளை மாற்றி, மறுபடி மாற்றி, மறுபடி மாற்றும் விரல்களுக்கு எந்தத் தகவலும் புதிதாகக் கிடைத்திருக்காது.

மாற்றி முடித்ததும் சேமிக்கும் பொத்தானை அழுத்துங்கள். ஆட்களை இடம் மாற்றினால் மட்டும் போதாது, அதை அழுத்தாமல் செயலியை மூடினால் பழைய அணிதான் நிற்கும். ஒரு தடவை வெளியே வந்து, திரும்பத் திறந்து, பெஞ்சின் மூன்று பெயர்களும் நீங்கள் நினைத்த வரிசையில்தான் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.